ஆத்தங்குடி கல் கணக்கை வைத்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்கலாம்

டெஸ்டிங் வேலைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் சொற்களை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். ஸ்மோக், ரிக்ரெஷன், சிவியரிட்டி, பிரியாரிட்டி என்று கடகடவென ஒப்பிப்பார்கள். சின்ன புரோகிராம் ஒன்றைக் கையில் கொடுத்து "இதைச் சோதித்துப் பாருங்கள்" என்றால் கை ஓடாது. அதனால் இங்கே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை சோதிப்போம். சொற்கள் தேவைப்படும் இடத்தில் தாமாக வந்து சேரும்.

பாடத்துக்காக நாம் கற்பனை செய்துகொள்ளும் மென்பொருள் இது: காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) செய்து விற்கும் பட்டறைக்கான இணையப் பக்கம். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் எத்தனை கல் வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். உங்களிடம் ஒரு நோட்டு, கால்குலேட்டர், பிரவுசர் உள்ள கணினி இருந்தால் போதும்.

படி 1: விதிகளை எழுதி, விதிகளையே முதலில் சோதியுங்கள்

மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது ரிக்வயர்மென்ட். நம்முடையவை ஐந்து:

1. நீளம், அகலம் இரண்டும் அடிக்கணக்கில், 1 முதல் 100 வரை. அரை அடி வித்தியாசத்தில் மட்டும் (10, 10.5, 11 என்று).
2. கல்லின் அளவு 8, 10 அல்லது 12 அங்குலச் சதுரம்.
3. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10% கூடுதல்.
4. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும்.
5. 500 கல்லும் அதற்கு மேலும் வாங்கினால் சிவகங்கை மாவட்டத்துக்குள் வண்டி வாடகை இல்லை.

தெளிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 13-க்கு 10 அறைக்கு 10 அங்குலக் கல் போட்டுப் பாருங்கள். பரப்பு 130 சதுர அடி. 10 அங்குலக் கல் ஒரு சதுர அடிக்கு 1.44 வீதம் பிடிக்கும், ஆக 187.2. இதை முதலில் 188 ஆக்கி, பிறகு 10% சேர்த்தால் 206.8, அதாவது 207 கல். 187.2-இலேயே 10% சேர்த்தால் 205.92, அதாவது 206 கல். இரண்டு பேர் இதே விதிகளைப் படித்து இரண்டு விடை எழுதலாம், இருவரும் நேர்மையாகவே. விதி 4-இல் "எப்போது ஏற்றுவது" என்ற சொல் இல்லை என்பதுதான் குறை. "எல்லாக் கணக்கும் முடிந்தபின் ஒரே ஒரு முறை ஏற்ற வேண்டும்" என்று அதைத் திருத்துவோம்.

ஒரு வரி புரோகிராம்கூட ஓடவில்லை, ஒரு குறை பிடிபட்டுவிட்டது. ஓட்டாமல், படித்தே சோதிப்பதற்கு ஸ்டாடிக் டெஸ்டிங் என்று பெயர். புதியவர்கள் இதை வேலையாகவே எண்ணுவதில்லை. ஆனால் இந்த நிலையில் பிடித்த குறையைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். விட்டுவிட்டால் புரோகிராம், டெஸ்ட் கேஸ், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் திருப்பி எழுத நேரும்.

படி 2: டெஸ்ட் கேஸ் எழுதுங்கள், விடையை முன்கூட்டியே எழுதுங்கள்

ஒரு டெஸ்ட் கேஸ் இப்படி இருக்கும்:

எண்: டி-01
நோக்கம்: 12 அங்குலக் கல்லுக்குச் சாதாரண அறையின் கணக்கு
முன்நிலை: கணக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும்
செயல்: நீளம் 12, அகலம் 10, கல் 12 அங்குலம், "கணக்கிடு" பொத்தானை அழுத்தவும்
எதிர்பார்க்கும் விடை: 132 கல்
கிடைத்த விடை: (ஓட்டியபின் எழுதவும்)

எதிர்பார்க்கும் விடைக்கான வரிதான் இதில் உயிர். திரையில் 132 என்று வந்தபின் "சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவது சோதனை ஆகாது. கண்ணில் பட்ட எண்ணை மனம் உடனே நியாயப்படுத்திவிடும். 120 சதுர அடி, 120 கல், 10% சேர்த்து 132 என்று கையால் போட்டுப் பார்த்து எழுதிய பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

"சரியான விடை வர வேண்டும்" என்று அந்த வரியில் எழுதுகிறவர்களும் உண்டு. அதை வைத்துக்கொண்டு வேறொருவர் சோதிக்க முடியாது. எண் வேண்டும்.

படி 3: எந்த எண்களைக் கொடுப்பது?

நீளம் 1 முதல் 100 வரை அரை அடி வித்தியாசத்தில் என்றால் 199 மதிப்புகள். அகலமும் அப்படியே, கல் மூன்று வகை. பெருக்கினால் 1,18,803 சேர்க்கைகள். அனைத்தையும் சோதிக்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

மென்பொருள் ஒரே மாதிரி நடத்த வேண்டிய மதிப்புகளை ஒரு கூட்டமாகக் கட்டி, கூட்டத்துக்கு ஒன்றை எடுப்பது ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். நீளத்துக்கு: 1-க்குக் கீழே, 1 முதல் 100 வரை, 100-க்கு மேலே, எண்ணே அல்லாதது, காலிப் பெட்டி, அரை அடியில் பொருந்தாத எண்.

கடைசிக் கூட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 10 அடி 6 அங்குலத்தை "10.6" என்று எழுதுவது கட்டட வேலையில் சகஜம். உண்மையில் அது 10.5 அடி. 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று தட்டினால் கணினி அதை 10.1 அடி என்று எடுத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட முக்கால் அடி நீளம் காணாமல் போகும். விதி 1-இன்படி இரண்டையும் மென்பொருள் மறுக்க வேண்டும். "தவறான எண்" என்று மட்டும் மறுத்தால் போதாது, "6 அங்குலம் என்றால் 10.5 என்று இடவும்" என்று சொல்ல வேண்டும்.

எல்லை ஓரங்களைக் குறிவைப்பது பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ். நீளத்துக்கு 0.5, 1, 100, 100.5. கல் எண்ணிக்கைக்கு 499, 500, 501. "500-ம் அதற்கு மேலும்" என்பதை "500-க்கு மேல்" என்று புரோகிராமில் எழுதிவிடுவது மிகப் பழைய, இன்னும் ஓயாத தவறு. 300 கல்லிலும் 900 கல்லிலும் அது தெரியவே தெரியாது. சரியாக 500-இல் மட்டும்தான் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல். கல்லின் எண்ணிக்கையை நேரடியாகக் கொடுக்கப் பெட்டி இல்லை, நீள அகலம்தான் கொடுக்க முடியும். ஆகவே பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். 12 அங்குலக் கல்லுக்கு:

• 6 × 75.5 = 453 சதுர அடி; 10% சேர்த்தால் 498.3, விடை 499, வாடகை உண்டு
• 9 × 50.5 = 454.5 சதுர அடி; 499.95, விடை 500, வாடகை இல்லை
• 13 × 35 = 455 சதுர அடி; 500.5, விடை 501, வாடகை இல்லை

டெஸ்ட் டேட்டா தயாரிப்பது என்றால் இதுதான். மாவட்டத்துக்குள்ளா வெளியிலா, 500-க்குக் கீழா இல்லையா என்ற இரண்டு கேள்விகளும் சேரும்போது நான்கு நிலைகள் வரும். அவற்றைக் கட்டம் போட்டு எழுதினால் டெசிஷன் டேபிள். எழுதும்போதே ஒரு கேள்வி எழும்: மாவட்டத்துக்கு வெளியே, புதுக்கோட்டைக்கு 800 கல் போனால் வாடகை எவ்வளவு? விதி 5 அதைச் சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

படி 4: ஓட்டுங்கள்

12 × 10 கொடுத்தால் 132. தேறியது. அடுத்து 10 × 10, எதிர்பார்ப்பது 110. திரையில் 111.

எங்கிருந்து வந்தது அந்த ஒரு கல்? பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் 100*1.1 என்று தட்டுங்கள். 110.00000000000001 என்று வரும். 1.1 என்ற பதின்மத்தை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது, கணினி அதற்கு மிக நெருங்கிய எண்ணையே வைத்திருக்கிறது. அந்தத் துளி மிச்சத்தைப் பின்னம் என்று எடுத்துக்கொண்டு விதி 4 அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிட்டது. 120*1.1 போட்டால் மிச்சமின்றி 132 வரும், அதனால்தான் முதல் சோதனை தேறியது.

மூன்று சொற்களை இங்கே பிரித்துக்கொள்ளலாம். பின்ன எண்ணின் இயல்பை எழுதியவர் கவனிக்காதது எரர். அதனால் புரோகிராமில் உட்கார்ந்திருக்கும் தவறான வரி டிஃபெக்ட், பேச்சில் பக். 111 என்று திரையில் தெரிந்தது ஃபெயிலியர். டிஃபெக்ட் இருந்தும் ஃபெயிலியர் தெரியாமல் போகலாம், 12 × 10-இல் நடந்தது அதுதான்.

படி 5: பக் ரிப்போர்ட்

தலைப்பிலேயே விஷயம் இருக்க வேண்டும். "கணக்கு தப்பு" என்று எழுதாதீர்கள். "12 அங்குலக் கல், 10 × 10 அறை: 110-க்குப் பதில் 111 காட்டுகிறது" என்று எழுதுங்கள். பிறகு பில்ட் எண் (மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்), பிரவுசர், செய்த செயல்கள் வரிசையாக, எதிர்பார்த்தது, கிடைத்தது, ஸ்கிரீன்ஷாட். இன்னும் சில எண்களைப் போட்டுப் பார்த்து "9 × 10, 20 × 10-இலும் வருகிறது, 13 × 10-இல் வரவில்லை" என்று சேர்த்தால், திருத்துகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சிவியரிட்டி என்பது பாதிப்பின் கனம். பிரியாரிட்டி என்பது எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும் என்பது. ஒரு கல் கூடுவதால் பெரிய நட்டமில்லை, சிவியரிட்டி குறைவு. ஆனால் 10 × 10 மிகச் சாதாரண அறை அளவு, வாங்குகிறவர் மனக்கணக்கிலேயே 110 என்று சொல்லிவிடுவார், கடையின் கணக்கை நம்பமாட்டார். எனவே பிரியாரிட்டியை உயர்த்துவதில் நியாயம் உண்டு.

இதுவே ஒரு கல் குறைந்திருந்தால் சிவியரிட்டியே மாறும். ஆத்தங்குடி கல் கண்ணாடிமேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்வது, அடுத்த முறை கலக்கும் வண்ணம் அதே சாயலில் அமையும் என்று சொல்ல முடியாது. குறைந்த கல்லைப் பிறகு வாங்கிப் பதித்தால் தரையில் தனியாகத் தெரியும். தொழில் தெரியாமல் சிவியரிட்டி போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

படி 6: திருத்தி வந்தபின்

எழுதியவர் 1.1-ஆல் பெருக்குவதை விட்டு, 11-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்கும்படி மாற்றுகிறார். புதிய பில்ட் வந்ததும் முதலில் ஸ்மோக் டெஸ்ட்: பக்கம் திறக்கிறதா, ஒரு கணக்கு வருகிறதா, ஆர்டர் பதிவாகிறதா. இதில் விழுந்தால் மேலே போகாமல் பில்டைத் திருப்பிவிடுங்கள்.

அதே 10 × 10-ஐ மறுபடி ஓட்டி 110 வருகிறதா என்று பார்ப்பது ரீடெஸ்ட். மாற்றத்தால் முன்பு சரியாக இருந்தது கெட்டதா என்று பார்ப்பது ரிக்ரெஷன். 8, 10 அங்குலக் கணக்குகளையும் 499, 500, 501 மூன்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பில்டுக்கும் இதே சோதனைகள் திரும்பத் திரும்ப வருவதால் ஆட்டோமேஷனுக்கு (சோதனைகளை ஆளுக்குப் பதில் ஒரு புரோகிராமே ஓட்டுவது) முதலில் ஏற்றது ரிக்ரெஷன்தான்.

படி 7: இணைப்புகளைச் சோதியுங்கள்

கல் அளவைத் தரும் பகுதி அங்குலத்தில் பேசுகிறது, அறைப் பகுதி அடியில் பேசுகிறது. தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறும். இது யூனிட் டெஸ்டிங். சேரும் இடத்தில் அலகு மாறாமல் போனால் மொத்தக் கணக்கும் போச்சு. அதைப் பிடிப்பது இன்டகிரேஷன் டெஸ்டிங். 1999 செப்டம்பரில் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்தது இப்படித்தான். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கொடுத்த எண்ணை, மற்றொன்று நியூட்டன் நொடியாக எடுத்துக்கொண்டது.

முழுப் பக்கத்தையும் ஒரு வாடிக்கையாளர் பயன்படுத்துவதுபோலத் தொடக்கம் முதல் ஆர்டர் வரை ஓட்டுவது சிஸ்டம் டெஸ்டிங். பட்டறைக்காரரே உட்கார்ந்து "எனக்கு இது சரி" என்று ஏற்பது அக்செப்டன்ஸ் டெஸ்டிங்.

இடையில் ஒன்று. டெஸ்டிங்குக்கான சர்வதேசச் சான்றிதழான ஐ.எஸ்.டி.கியூ.பி.யின் ஃபவுண்டேஷன் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு: 40 கேள்விகள், 60 நிமிடம், தேர 26 மதிப்பெண். மேலே வந்த சொற்கள் பலவும் அதில் வரும், கேள்விகள் சிலவும் இப்படிச் சின்னச் சூழ்நிலையைக் கொடுத்துக் கேட்கப்படும்.

படி 8: விதிகளே போதுமா?

எழுதிய விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். பயன்படுத்துகிறவருக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்ப்பது வேலிடேஷன். நம் பக்கம் இப்போது ஐந்து விதிகளிலும் தேறிவிட்டது. அதைச் செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவுக்கு (முற்றமும் அதைச் சுற்றிய நடையும் உள்ள பகுதி) கொண்டுபோங்கள்.

வளவின் வெளியளவு 40 × 30, நடுவே வானம் பார்த்த முற்றம் 20 × 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் பதிப்பது சுற்றியுள்ள நடைக்கு மட்டும். 12 அங்குலக் கல்லுக்கு நம் பக்கம் 1200 சதுர அடி என்று எடுத்து 1320 கல் சொல்லும். முற்றத்தின் 240 சதுர அடியைக் கழித்தால் தேவை 1056. கூடுதலாக 264 கல்! மென்பொருளில் பக் இல்லை, விதிகளில் முற்றமே இல்லை.

குவாலிட்டி கன்ட்ரோல் இந்த ஒரு பக்கத்தில் குறையைத் தேடிப் பிடிக்கும். குவாலிட்டி அஷூரன்ஸ் செய்கிறவர் "விதி எழுதும்போது இது ஏன் விடுபட்டது?" என்று கேட்டு, அடுத்த முறை விதிகளை எழுதுமுன் ஒரு கொத்தனாரிடமும் ஒரு வீட்டுக்காரரிடமும் பேச வேண்டும் என்று வேலைமுறையையே மாற்றுவார்.

இப்போது விதி 6-ஐ நீங்களே எழுதுங்கள்: முற்றத்தின் நீளம், அகலம், விருப்பப் பெட்டிகள். அதற்கான டெஸ்ட் கேஸ்களில் இவை கட்டாயம் இருக்கட்டும்: முற்றம் காலியாக விட்டால், 0 இட்டால், ஒரு பக்கம் மட்டும் இட்டால், வெளியளவுக்குச் சமமாக இட்டால், அதைவிடப் பெரிதாக இட்டால். சமமாக இட்டால் விடை 0 கல்லா, பிழைச் செய்தியா என்று விதியில் இருக்கிறதா பாருங்கள்.