மாதிரி ரயில் இஞ்சின் வாங்க முதல் கொப்பியில் எழுத வேண்டியவை

புது இஞ்சின் ஒன்றின் படத்தைக் கண்டதும் கை தானாக ஓடர் போடப் போகும். யாழ்ப்பாணத்தில் இருந்து வாங்குபவருக்கு இந்தப் பழக்கம் செலவு கூடினது. பிழையான சாமான் வந்தால் திருப்பி அனுப்பும் தபால் கட்டணத்தைப் பார்த்தே பேசாமல் அலுமாரியில் வைத்துவிடுவோம்.

ஆகவே ஒரு 80 பக்கக் கொப்பி எடுங்கள். ஆசைப்பட்ட இஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் கேளுங்கள். எங்கே தோற்றாலும் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. மேசையில் தொடங்கி இஞ்சினில் முடிகிற வரிசை இது. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வதால்தான் ஓடாத இஞ்சின்கள் வீட்டில் சேருகின்றன.

படி 1: மேசையின் குறுகிய பக்கத்தை அளவெடுங்கள்

நீளம் எவ்வளவு இருந்தாலும், கோச்சி திரும்பி வரவேண்டுமென்றால் அரைவட்டம் போட இடம் வேண்டும். அதைத் தீர்மானிப்பது குறுகிய பக்கம்.

8 × 4 அடி பிளைவூட் ஒன்றின் அகலம் 1220 மி.மீ. பிரித்தானியாவின் ஹோர்ன்பி கம்பனி ‘மூன்றாம் ஆரை’ என்று விற்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரை 505 மி.மீ., வட்டத்தின் குறுக்களவு 1010. பக்கத்துக்கு 105 மி.மீ. மிஞ்சும், பயமில்லை. வட அமெரிக்க இஞ்சின்களுக்குச் சொல்லப்படும் 22 அங்குல ஆரை என்றால் 559 மி.மீ., குறுக்களவு 1118. தண்டவாளத்தின் நடுவிலிருந்து பலகை விளிம்புக்கு 51 மி.மீ.தான், மூன்று விரற்கடை கூட இல்லை. தடம் புரண்டால் இஞ்சின் நேரே சீமெந்து நிலத்தில். விளிம்பைச் சுற்றி உயரமாக ஒரு சட்டம் அடித்தால் சமாளிக்கலாம்.

இருப்பது இரண்டரை அடி (762 மி.மீ.) எழுதுமேசை மட்டும் என்றால் எச்ஓ (HO), ஓஓ (OO) என்ற பெரிய அளவுகள் இரண்டையும் மறந்துவிட்டு, சின்னதான ‘என்’ (N) அளவுக்குப் போங்கள். ஜப்பானின் காட்டோ கம்பனியின் 282 மி.மீ. ஆரை வளைவு அதில் தாராளமாக அடங்கும்.

இந்த மூன்று அளவுகளும் புதியவரைக் குழப்பும். எச்ஓ என்பது 1:87, அதாவது உண்மை இஞ்சினின் 87 இல் ஒரு பங்கு. ஓஓ என்பது 1:76. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். ‘என்’ அளவு பிரித்தானியாவில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150, மற்ற இடங்களில் 1:160. எல்லாவற்றுக்கும் தண்டவாளம் 9 மி.மீ. ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறதே என்று எச்ஓ இஞ்சினுக்குப் பின்னால் ஓஓ பெட்டிகளைக் கொழுவினால், தம்பி அண்ணனை இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். கொக்கிகளும் பொருந்தாது.

கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள்: உங்கள் அளவு, உங்கள் மேசை தாங்கும் ஆகக் கூடிய ஆரை. இஞ்சினின் விபரத்தில் ‘குறைந்தபட்ச ஆரை’ என்று போட்டிருப்பது உங்கள் எண்ணைவிடக் கூட என்றால் அங்கேயே கோடு. நீளமான இஞ்சினும், ஒரு போகிக்கு (இஞ்சினின் அடியில் சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்) மூன்று அச்சுள்ள இஞ்சினும், பெரிய நீராவி இஞ்சினும்தான் இதில் வழக்கமாகத் தோற்கும்.

படி 2: சாமான் எந்த நாட்டிலிருந்து வருகிறது?

எங்களுக்கு இது பெரிய கேள்வி. மச்சான் லண்டனில், சித்தி ரொறன்ரோவில், பெரியப்பாவின் மகன் சுவிசில். ஆளுக்கொரு நாட்டில் ஆளுக்கொரு முறை. லண்டன் கடைகளில் முதலில் கண்ணில் படுவது ஓஓ, கனடாவில் வட அமெரிக்க எச்ஓ, ஜேர்மனியிலும் சுவிசிலும் ஐரோப்பிய எச்ஓ. “நல்லதாய் ஒண்டு வாங்கி வாங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டால் மூன்று பேரும் மூன்று விதமாகக் கொண்டுவருவார்கள்.

ஜேர்மனி, சுவிஸ் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. மார்க்லின் கம்பனியின் எச்ஓ இஞ்சினின் அடியில் ஒரு சறுக்குத் தகடு இருக்கும். தண்டவாளத்தின் நடுவே உள்ள சின்னக் குமிழ்களைத் தொட்டு அது கரண்ட் எடுக்கும். இரு பக்கச் சில்லுகளும் மின்சார ரீதியாக ஒன்றே. அதைச் சாதாரண இரு தண்டவாள முறையில் வைத்தால் உடனே ஷோர்ட் ஆகும். ரோக்கோ, பிக்கோ போன்ற கம்பனிகள் ஒரே இஞ்சினை இரண்டு முறைக்கும் வேறுவேறு இலக்கத்தில் விற்கின்றன. பெட்டிப் படம் ஒன்றுதான், இலக்கம்தான் வேறு. ஆகவே உறவினருக்குப் படம் அனுப்ப வேண்டாம், பொருள் இலக்கத்தை எழுதி அனுப்புங்கள்.

கனடாவிலிருந்து வரும் தொடக்கப் பெட்டியோடு தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு பவர் பக் வரும். அதன் பின்பக்கத்தை வடிவாகப் பாருங்கள். 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றிப் பாவிக்கலாம். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் கொழுவக் கூடாது. கொழுவினால் நீராவி இஞ்சினுக்கு முதல் ரான்ஸ்போமர் புகை விடும்.

படி 3: சேகரிப்புக்கு ஒரு வரி எழுதுங்கள்

‘எனக்கு ரயில் விருப்பம்’ என்பது சேகரிப்புக்குக் காணாது. ‘1956 முதல் 1990 வரை வடக்குப் பாதை’ என்பது காணும். அந்த வரிக்குள் வராத இஞ்சின் எவ்வளவு வடிவாக இருந்தாலும் கோடு.

இந்த உதாரணத்தையே எடுப்போம், யாழ்ப்பாணத்தில் பலர் கேட்பதும் அதைத்தான். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். கனடாவில் கட்டி 1954 முதல் வந்த எம்2 வகை டீசல் இஞ்சின்கள் அந்தக் காலத்தின் முகம். கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் வந்தவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயரும் வைத்தார்கள்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா. பாதை 1990 இல் நின்றது, 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை திறந்தது. 1990 ஐ எல்லையாகப் போட்டவர் அதற்குப் பிறகு வந்த எம்8, எம்9, எம்10 எதைக் கண்டாலும் பக்கத்தைப் புரட்டலாம். பாதிச் சேமிப்பு அங்கேயே வந்துவிடும்.

இலங்கை இஞ்சினை அப்படியே கடையில் வாங்கலாம் என்று நினைத்துத் தொடங்கினால் ஏமாற்றம்தான். எம்2 இன் மூல வடிவம் ஜெனரல் மோட்டர்சின் ஜி12. அந்த ஜி12 ஐ எச்ஓ அளவில் பிறேசிலின் ஃபிராத்தெஸ்கி செய்கிறது. உடலும் கூரையும் கிட்ட வரும், நிறம் நீங்கள்தான் அடிக்க வேண்டும். போகியை எண்ணிப் பாருங்கள்: எங்கள் எம்2 இல் பெரும்பாலானவற்றுக்கு ஒரு போகிக்கு மூன்று அச்சு, நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. மாதிரியில் இரண்டு அச்சு இருந்தால் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, பொறுத்துக்கொள்ள முடியுமா என்று உங்களையே கேளுங்கள்.

தண்டவாள அகலத்தையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இலங்கைப் பாதை 1676 மி.மீ. அதை 87 ஆல் பிரித்தால் 19.3 மி.மீ. வரவேண்டும், கடைத் தண்டவாளமோ 16.5. முன்னால் நின்று பார்த்தால் இஞ்சின் கால்களை ஒடுக்கி நிற்பது போலத் தெரியும், பக்கவாட்டில் தெரியாது.

படி 4: இஞ்சினின் வயிற்றைப் பாருங்கள்

விளம்பரப் படம் வெளித்தோற்றத்தைக் காட்டும். உதிரிப்பாகத் தாள் உள்ளதை உள்ளபடி காட்டும். பெரும்பாலான கம்பனிகளின் தளத்தில் அது கிடைக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, எத்தனை போகிக்கு மோட்டார் ஓட்டம் போகிறது. நடுவில் மோட்டார், இரு பக்கமும் தண்டு, இரு போகியிலும் கியர் என்றால் நல்லது. ஒரு போகி மட்டும் இழுத்தால் ஐந்தாறு பெட்டியோடு சில்லு சுழன்றுகொண்டு நிற்கும். அதை ஈடுகட்டச் சில்லில் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். எங்கள் வெக்கைக்கு அது காலப்போக்கில் இறுகி வெடிக்கும், மாற்று வளையம் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, எத்தனை சில்லு கரண்ட் எடுக்கிறது. பாதை பிரியும் பொயின்ற்றின் நடுவில் பிளாஸ்ரிக் துண்டு இருந்தால் அங்கே கரண்ட் இல்லை. நான்கு சில்லுள்ள குட்டி இஞ்சின் அந்த இடத்தில் செத்துப்போகும், ஒவ்வொரு முறையும் விரலால் தள்ள வேண்டிவரும். எட்டுச் சில்லும் கரண்ட் எடுக்கும் இஞ்சின் கவனிக்காமலே தாண்டிவிடும்.

முதல் இஞ்சினுக்கு எங்கள் தெரிவு: ஒரு போகிக்கு இரண்டு அச்சுள்ள நடுத்தர டீசல், இரு போகி ஓட்டம், எட்டுச் சில்லு கரண்ட். நீராவி அழகுதான். ஆனால் வெளியே தெரியும் அந்த மெல்லிய தண்டுகள் புதுக் கைக்கு ஏற்றவை அல்ல.

படி 5: டிசியா, டிசிசியா?

டிசி என்றால் தண்டவாளத்துக்கு வரும் வோல்ற்றேச்சைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவது, ஆகக் கூடியது 12 வோல்ற். டிசிசி என்றால் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட், இஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை கட்டளையைக் கேட்டு ஓட்டும். ஒரே இஞ்சின் மூன்று விலையில் வரும்: டிகோடர் பொருத்த இடம் மட்டும் உள்ளது, டிகோடர் உள்ளது, டிகோடரும் சத்தமும் உள்ளது. தொடக்கக்காரர் முதலாவதை வாங்கலாம். டிகோடரைப் பிறகு போடலாம், ஆனால் பொருத்தி 8 ஊசியா, 21 ஊசியா, நெக்ஸ்ட்18 ஆ என்று இப்போதே கொப்பியில் எழுதிவையுங்கள்.

‘பழுதான இஞ்சின் வந்துவிட்டது’ என்ற முறைப்பாடுகளில் பல உண்மையில் இந்தக் குழப்பம். டிகோடர் உள்ள இஞ்சினில் டிசி ஓட்டம் நிறுத்தப்பட்டிருந்தால் டிசியில் அது அசையாது. புது டிகோடர்கள் வழக்கமாக 3 என்ற அழைப்பு இலக்கத்தோடு வரும். இரண்டை ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். இவை பழுதுகள் அல்ல. டிகோடர் இல்லாத இஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்திவைப்பதுதான் உண்மையில் ஆபத்து: மோட்டார் இரைந்து இரைந்து சூடாகும், மையக்கரு இல்லாத சின்ன மோட்டார் எரிந்தே போகும்.

படி 6: வீட்டு வாசல் விலை

லண்டன் கடையில் 150 பவுண்ஸ் என்பது 20% வற் வரி சேர்ந்த விலை. இலங்கை விலாசத்துக்கு நேரே அனுப்பும்போது கடை அந்த வரியைக் கழித்தால் 125. எல்லாக் கடையும் கழிப்பதில்லை, கேட்டுவிட்டு ஓடர் போடுங்கள். பிறகு தபாலும் காப்புறுதியும். சுங்கம் தீர்வை பார்ப்பது இவை எல்லாம் சேர்ந்த தொகைக்கு. அந்த முழுக் கூட்டுத்தொகையை ரூபாவில் எழுதுங்கள். உறவினர் கையில் கொண்டுவந்தால் தபால் மிச்சம், வரிக் கழிவு கிடைக்காது.

முன்பதிவுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது பல இஞ்சின்கள் கணினி வரைபடம் மட்டும் இருக்கும்போதே அறிவிக்கப்படுகின்றன. கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் போவது வழமை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 200 டொலர் இஞ்சின் 40,000 இலிருந்து 72,000 ஆனது. முதல் இரண்டு இஞ்சினையும் கையிருப்பில் உள்ளதாகவே வாங்குங்கள்.

படி 7: பழைய சாமான் என்றால்

விற்பவரிடம் அடிப்பக்கப் படம் கேளுங்கள். உலோகச் சட்டத்தில் மயிரிழை வெடிப்போ, உடல் வெளிப்பக்கம் பிதுங்கலோ தெரிந்தால் தொடாதீர்கள். நாக (துத்தநாக) வார்ப்பில் ஈயம் கலந்ததால் வரும் நோய் அது. ஈரமும் சூடும் அதை விரைவாக்கும், மருந்து கிடையாது. ஓடும் காணொளியில் சில்லு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றால் அச்சிலுள்ள பிளாஸ்ரிக் கியர் வெடித்திருக்கிறது. மாற்றுக் கியர் கிடைத்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

மூன்று பக்கம், ஒரு பரீட்சை

8 × 4 பலகை, எச்ஓ, டிசி, 1956–1990 வடக்குப் பாதை என்று வைப்போம்.

பக்கம் ஒன்று: கனடிய ஆறு அச்சு இஞ்சின், சத்தத்தோடு, 24 அங்குல ஆரை கேட்கிறது. அந்த வட்டத்தின் குறுக்களவு பலகையின் முழு அகலம். கோடு.

பக்கம் இரண்டு: சுவிசிலிருந்து மலிவாகக் கிடைக்கும் மார்க்லின். கோடு.

பக்கம் மூன்று: ஜி12. வளைவு சரி, டிசி சரி, காலம் சரி. போகி சரியில்லை, நிறம் அடிக்க வேண்டும். கோடு போடாமல் விலையைக் கேட்டு எழுதுங்கள்.

படி 8: பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஆளிடம் சொல்லிவிடுவதுதான் எங்கள் வழமை. சாமான் மே மாதமே லண்டன் வீட்டுக்குப் போய்விடும், இங்கே வருவது ஓகஸ்ட்டில். பிரித்தானியாவில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் திருப்பக் கிடைப்பது 14 நாள். அது அலுமாரிக்குள்ளேயே முடிந்துபோகும். ஆகவே வந்த அன்றே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தண்டவாளம் இல்லாமலே சோதிக்க ஒரு 9 வோல்ற் பற்றரி போதும். இஞ்சினை அதன் பஞ்சுத் தொட்டிலில் மல்லாக்க வைத்து, இரண்டு துண்டு வயரால் பற்றரியின் ஒரு முனையை இடப்பக்கச் சில்லிலும் மற்றதை வலப்பக்கச் சில்லிலும் தொட வேண்டும். சில்லுகள் சுழலும், முன்விளக்கு எரியும். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுழலும். ஒவ்வொரு சில்லுச் சோடியிலும் தொட்டுப் பார்த்தால் கரண்ட் எடுக்காத சோடி எதுவென்றும் பிடிபடும். டிகோடர் உள்ள இஞ்சினுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கைப்பிடிக் கம்பிகள், கொக்கிகள், பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அதே பெட்டியில், கைப்பையில் வரட்டும்.

இங்கே வந்ததும் அந்தப் பஞ்சைக் கழற்றிவிடுங்கள். வருடக் கணக்கில் வெக்கையில் இருந்தால் அது உருகிப் பூச்சில் ஒட்டும். மெல்லிய கடதாசியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். திறந்த தட்டு வேண்டாம், பல்லி எச்சம் பூச்சை அரிக்கும்.