உப்புக் காற்றின் பெயரால் வரும் எஸ்டிமேட்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகைப் பதியன் வியாபாரம். போன தை மாதம் ஒரு விடியற்காலையில் டிக்கி நிறைய நாற்றுக்கட்டு ஏற்றி, ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு சாவியைத் திருகினால் வேகன் ஆர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பானெட்டைத் தூக்கினார், இரண்டு நிமிடம் பார்த்தார், சொன்னார்: “உப்புக் காத்துக்கா. உள்ளுக்குள்ள எல்லாம் அரிச்சுப் போச்சு. செல்ஃப் மோட்டார், டைனமோ, பேட்டரி மூணும் மாத்திரணும். பத்தொன்பதாயிரம் ஆகும்.”

நான் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்பது வருடம் பில் போட்டவள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று நூற்றுக்கணக்கான மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் மூன்று பெரிய சாமான்கள் ஒரே ராத்திரியில் ஒன்றாகக் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். “எதை வச்சு டைனமோ போச்சுன்னு சொல்றீங்க தம்பி?” பதில் இல்லை. ஜம்பர் கேபிள் எடுத்து வரச் சொன்னேன். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து நேராக எஞ்சின் இரும்பில் கவ்வவைத்துச் சாவியைத் திருகினேன். ஒரே தட்டில் வண்டி எடுத்துக்கொண்டது.

கோளாறு எர்த் வயரில். பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்தத் தடித்த வயரின் முனையில் ரப்பர் உறையை உரித்தால், உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடியாகப் பூத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. புது வயர் 280 ரூபாய், கூலி 200. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம். இந்தக் காற்றில் அந்த வாஸ்லின் முக்கியம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. பேட்டரி மைனஸில் ஒரு கம்பி, எஞ்சின் இரும்பில் ஒரு கம்பி வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஓடினால் எர்த் சரியில்லை. சாதாரண மீட்டரே போதும். இந்தக் கரையில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன்.

உப்புக் காற்று பொய் இல்லை. அதுதான் இங்கே சிக்கலே. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இந்தக் காற்றோடு எப்படிப் போராடியது என்று எங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்தக் கதி என்றால், நம் வண்டிக்கு அடியில் இருக்கிற தகடு எம்மாத்திரம்? மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டி இருக்கிற நமக்கு ‘துரு’ என்ற வார்த்தை கேட்டவுடனே மனசு ஒப்புக்கொண்டுவிடுகிறது. பாதி உண்மையாக இருப்பதால்தான் அந்தப் பேச்சில் மீதிப் பாதியும் சேர்ந்து விலை போகிறது. எந்தத் துரு மேல்தோல், எந்தத் துரு உயிரை வாங்கும் என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பிரேக் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் செங்கல் நிறத்தில் பூத்திருக்கும். வெளியூரில் சர்வீஸுக்கு விட்டால் அதைக் காட்டி “டிஸ்க் ரெண்டும் மாத்தணும்” என்பார்கள். நாலு தடவை பிரேக் பிடித்து ஓட்டினால் அந்தத் துரு போய்விடும். டிஸ்க்கை மாற்றுவதா வேண்டாமா என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். “காலிப்பர் வச்சு அளந்து காட்டுங்க” என்று சொல்லுங்கள். அளந்து குறைவாக இருந்தால் மாற்றுங்கள். ஆழமாகக் கோடு விழுந்திருந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது கால் அதிர்ந்தாலோ அது வேறு விஷயம், அதை அவர் சொன்னால் கேளுங்கள்.

அடிப்பக்கத் தகட்டுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே போய் நில்லுங்கள். கைப்பிடியால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும் இடத்தில் இரும்பு நன்றாக இருக்கிறது. மொத்தையாகச் சத்தம் வந்து பொறுக்கு உதிர்ந்தால், அல்லது முனை உள்ளே இறங்கினால், அங்கே வெல்டிங் வேலை இருக்கிறது. பெரிய தொகை சொல்லி அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடித்துத் தருவதாகச் சொல்பவரிடம், அடிப்பதற்கு முன் துருவைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, பிரைமர் போடுவாரா என்று கேளுங்கள். துருவுக்கு மேலேயே அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவுவது எவ்வளவோ மேல்.

ஏ.சி. விஷயத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். “கேஸ் தீர்ந்து போச்சு, ஏத்திரலாம்” என்று ஒவ்வொரு சித்திரைக்கும் பணம் வாங்குகிறார்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது கிடையாது. சீக்கிரம் சீக்கிரம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. முன்னால் இருக்கிற கண்டென்சர் அலுமினியம் என்பதால் இந்தக் காற்றில் அரிப்பது சகஜம். முதலில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். குமிழி வரும் இடத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று சர்வீஸ் பில்லில் தானாக வந்து உட்காரும் வரிகளுக்கு, வண்டியோடு வந்த புத்தகத்தில் சர்வீஸ் அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாததை ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு காரணம் கேளுங்கள். நல்ல காரணம் சில சமயம் இருக்கும்.

இப்போது நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே சாமான் கடையில் மூன்று விதமாக இருக்கும். கார் கம்பெனி பெயரிலேயே வரும் ஜெனியூன், அந்தக் கம்பெனிக்குச் செய்துகொடுப்பவர்களே தங்கள் பெயரில் விற்பது, அப்புறம் லோக்கல். இரண்டாவது வகை பல சாமான்களில் அருமையாக உழைக்கும், விலையும் குறைவு. மெக்கானிக்குக்குக் கடை தள்ளுபடி கொடுப்பதும் உண்டு. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், அலைந்து வாங்கி வருகிறார். தப்பு எங்கே என்றால், லோக்கலை வாங்கிக்கொண்டு “பில்லை ஜெனியூனுக்குப் போட்டுக் குடுங்கக்கா” என்று கேட்பதில். முதலாளி சொல்லி அப்படி நானும் சில பில் போட்டிருக்கிறேன். ஒருநாள் அந்த மாதிரி பில்லோடு போன பிரேக் பேட் யார் வண்டிக்கு என்று பின்னால் தெரிந்தது. எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், பில்லை மட்டும் நம்ப வேண்டாம், டப்பாவைக் கேளுங்கள். ஜெனியூன் சாமான் டப்பாவில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அந்த நம்பரை போனில் தேடினாலே விலை தெரிந்துவிடும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 2,000 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சாமானுக்கு 2,000 எழுதி, கீழே தனியாக ஜி.எஸ்.டி. 360 சேர்த்தால் அது கொடுக்க வேண்டாத பணம். வரியைப் பிரித்துக் காட்டலாம், ஆனால் கூட்டினால் 2,000-ஐத் தாண்டக் கூடாது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். பழைய ஞாபகத்தில் 28 போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். “சஸ்பென்ஷன் வேலை 11,000” என்ற ஒற்றை வரி எஸ்டிமேட் கிடையாது. எந்தச் சாமான், எந்த வகை, எத்தனை, என்ன விலை, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். என் தம்பி ஸ்விஃப்ட்டில் ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் முன்பக்கம் ‘கடகட’ என்றது. இரண்டு ஷாக் அப்சார்பரும் மாற்ற வேண்டும் என்றார்கள். பிரித்து எழுதச் சொன்னதும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, லிங்க் ராட் என்கிற சின்னக் கம்பி மட்டும் போதும் என்று அவர்களே மாற்றிச் சொன்னார்கள். ஷாக்கில் ஆயில் ஒழுகவில்லை, முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்” என்பது பல நேரம் நியாயமான பேச்சு. ஆனால் கழற்றிய பிறகு வண்டி நகராது, விலை நகரும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே, பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, வேண்டாம் என்றால் பழையபடி பூட்டித் தர எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். “நான் ஓகே சொல்லாமல் கூடுதல் வேலை எதுவும் வேண்டாம். கழற்றிய பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும்” என்று ஒரு மெசேஜ் போட்டுவையுங்கள். பழைய சாமான் கேட்கும் வாடிக்கையாளரிடம் மாற்றாததை மாற்றியதாகச் சொல்வது கஷ்டம்.

ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அரிச்சல்முனை ரோட்டில் ஓரமாக இறக்கி நிறுத்தி, மணலில் சக்கரம் புதைந்து, கிளட்சை மிதித்து மிதித்து ஏற்றினால் கருகின வாசம் வரும். உடனே “கிளட்ச் செட் போச்சு” என்று யாராவது சொல்வார்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அப்புறம் காலி ரோட்டில் மூன்றாவது கியரில் நிதானமாகப் போய் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து, உங்கள் மெக்கானிக்கிடமே காட்டுங்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் அவசரம் இருக்கும், ஊர் திரும்பும் நேரம் இருக்கும். அந்த அவசரத்தைத்தான் சிலர் விலையில் சேர்க்கிறார்கள்.

பேரம் பேசும்போது கூலியில் கை வைக்காதீர்கள். இந்த வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவருக்குக் கூலியைக் குறைத்தால், அவர் அதைச் சாமானில்தான் எடுப்பார்.

அப்படியும் ஏமாந்துவிட்டால், வண்டியை இழுத்துக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். செய்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பணத்தை ஜிபேயில் கட்டுங்கள், பில்லில் ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பட்டறை மதுரையில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது இங்கே என்றால் ராமநாதபுரத்திலேயே போடலாம்.

போன ஐப்பசியில் ராமநாதபுரத்தில் எங்கள் மெக்கானிக் பாய், ஆயில் மாற்றப் போன இடத்தில் 6,400 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே லிஃப்டுக்கு அடியில் கூப்பிட்டு டார்ச் அடித்தார். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப், கிளிப் பிடிக்கும் இடத்தில் கொப்புளம் கொப்புளமாகத் துருப்பிடித்திருந்தது. நகத்தால் கீறினார், பொறுக்காக வந்தது. அதற்குக் கீழே ஈரம். “இதோட பாலம் ஏறாதீங்கம்மா” என்றார். சாமான் வர ஒருநாள் ஆகும் என்றதால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். மறுநாள் போனபோது புது பைப்பில் கிரீஸ் தடவி மாட்டியிருந்தார். பழையதை ஒரு பாலித்தீன் பையில் போட்டு முன் சீட்டில் வைத்திருந்தார். சொன்ன 6,400-ஐ அப்படியே கொடுத்தேன்.