பிரிட்டனில் லாரி ஓட்டத் தொடங்குபவர்கள் எந்தத் தகுதி வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

பிரிட்டனில் சம்பளத்துக்கு லாரி ஓட்ட விரும்புபவருக்கு உரிமம் மட்டும் போதாது; டிரைவர் சி.பி.சி. எனப்படும் தொழில் தகுதியும் வேண்டும். அது இல்லாமல் தொழில்முறையாக ஓட்டுபவருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். இந்தத் தகுதியை நோக்கிச் செல்ல முக்கியமாக இரண்டு வழிகள் இருப்பதால், பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே தமக்குப் பொருந்துவது எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

எந்த வழியானாலும் தொடக்கம் ஒன்றுதான். பதினெட்டு வயது நிறைந்து, முழுமையான கார் உரிமம் வைத்திருப்பவர், டி2 விண்ணப்பத்துடன் மருத்துவர் நிரப்பிய டி4 படிவத்தையும் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்பித் தற்காலிக லாரி உரிமம் பெற வேண்டும். கண்பார்வைக் குறை உள்ளவர்களும் நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் வேறு எதற்கும் செலவு செய்யுமுன் இந்த மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவதே பாதுகாப்பு.

முதல் வழி, டிரைவர் சி.பி.சி.யின் நான்கு பகுதித் தேர்வுகளையும் முடித்த பிறகே வேலைக்குச் செல்வது. முதற்பகுதி கோட்பாட்டுத் தேர்வு: 100 கேள்விகளில் 85 சரியாக இருக்க வேண்டும், அத்துடன் ஆபத்தை முன்கூட்டி உணரும் காணொளித் தேர்விலும் 100க்கு 67 பெற வேண்டும். மூன்றாம் பகுதி வாகனத்தை ஓட்டிக் காட்டுவது. உரிமத்துக்கு இவை இரண்டும் போதும் என்பதால், பலர் இரண்டாம், நான்காம் பகுதிகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் அன்றாட வேலைக்கு நெருக்கமானவை அவைதான். இரண்டாம் பகுதியில் ஓர் ஓட்டுநரின் ஒரு நாளை விவரித்து, அவர் எப்போது ஓய்வெடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற கேள்விகள் வரும்; நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம் என்ற விதியை மனப்பாடமாகச் சொல்ல முடிந்தாலும், அதைக் கணக்கில் பொருத்திப் பார்க்கத் தெரியாவிட்டால் இங்கே தடுமாற்றம்தான். அதில் தேறிய பிறகே நான்காம் பகுதிக்குப் போகலாம். அங்கே தேர்வாளர் முன் லாரியைச் சுற்றி வந்து டயர், வீல் நட்டு, விளக்கு, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை எப்படிப் பார்ப்பீர்கள் என்று விளக்க வேண்டும். சுமையைப் பட்டை போட்டு இறுக்குவதையும், வண்டிக்குள் யாரும் ஒளிந்து ஏறாமல் தடுப்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து தலைப்புகளுக்கும் தலா 20 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 15, மொத்தம் 80 பெற்றாக வேண்டும்.

இரண்டாவது வழி தேசியத் தொழிற்பயிற்சித் திட்டம். அதில் பதிவு செய்து, லாரி உரிமம் பெற்றுவிட்டவர், தகுதியை முடிக்கும் முன்பே ஓட்ட அனுமதிக்கும் சலுகை அட்டையுடன் அதிகபட்சம் 12 மாதங்கள் வரை சம்பளத்துக்கு ஓட்டியபடியே மீதிப் பகுதிகளை முடிக்கலாம். வேலை தரத் தயாராக இருக்கும் முதலாளியும், தேர்வுக்கு விடுப்பு தரும் உறுதியும் கையில் இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். அதிகாலையில் தொடங்கி மாலையில் முடியும் பணியின் நடுவே படிப்பது எளிதல்ல, அதற்குள் கெடுவும் ஓடிவிடும். வேலை இன்னும் உறுதியாகாதவருக்கு முதல் வழியே மேல். நான்கு பகுதிகளையும் முடித்தவர் இந்தக் கெடுவின் நெருக்கடி இல்லாமல் வேலை தேடலாம்.

அடுத்த கேள்வி, கிளாஸ் 2 எனப்படும் ஒற்றை உடல் லாரியா, கிளாஸ் 1 எனப்படும் டிரெயிலர் இணைத்த லாரியா என்பது. 2021 நவம்பரிலிருந்து கிளாஸ் 2 முடிக்காமலே நேராகக் கிளாஸ் 1 தேர்வை எழுதலாம். ஆனால் பெரிய வண்டியே ஓட்டியிராதவர், டிரெயிலரைப் பின்னோக்கி எடுக்கக் கூடுதல் பயிற்சி மணிநேரம் தேவைப்படும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கியர் வகை பற்றிக் கவலை வேண்டாம்: மேனுவல் கார் உரிமம் உள்ளவர் ஆட்டோமேட்டிக் லாரியில் தேறினாலும் மேனுவல் லாரி ஓட்டலாம்.

பணம் கட்டும்போது, சொல்லப்படும் தொகையில் இரண்டாம், நான்காம் பகுதிகளின் கட்டணமும், நான்காம் பகுதிக்கான லாரி வாடகையும், தோற்றால் மறுதேர்வுச் செலவும் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோட்பாட்டுச் சான்றிதழ் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால், ஓட்டும் தேர்வுக்கான தேதியை அதன் காலாவதிக்கு முன்பே, மறுதேர்வுக்கும் இடம் விட்டுப் பதிவு செய்ய வேண்டும்.