குவாங்ஜு 1980: நினைவேந்தல் ஆவணப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980 மே 18 முதல் 27 வரை ராணுவ ஆட்சிக்கு எதிராக நடந்த மக்களாட்சி எழுச்சியைப் படமாக்க வருபவருக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மன் ஒளிப்பதிவாளர் யுர்கன் ஹின்ட்ஸ்பீட்டர் எடுத்து ரகசியமாக வெளியே கொண்டுபோன படச்சுருள்கள் இருக்கின்றன. புகைப்படங்கள், மருத்துவமனைக் குறிப்புகள், துண்டறிக்கைகள் இருக்கின்றன. எழுச்சியின் ஆவணங்களை 2011-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சறுக்கல் எல்லாம் இவற்றைக் கையாள்வதில்தான்.

முதலாவதும் பெரியதுமான தவறு, பத்து நாள் காட்சிகளையும் ஒரே கலவரம்போலக் கலந்து வெட்டுவது. 18-ஆம் தேதி பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள்மீது பாராசூட் படையினர் பாய்ந்தார்கள். 20-ஆம் தேதி மாலை டாக்ஸிகளும் பேருந்துகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு கும்நம்-ரோ சாலையில் அணிவகுத்தன. 21 பிற்பகல் ஒரு மணியளவில் மாகாண அலுவலகம் எதிரே ராணுவம் கூட்டத்தைச் சுட்டது. மக்கள் பெருமளவில் ஆயுதம் ஏந்தியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றி, வேகத்துக்காகத் துப்பாக்கி ஏந்திய இளைஞர்களின் லாரியைப் படத்தின் முதல் நிமிடத்திலேயே வைத்தால், ஆயுதக் கும்பலை ராணுவம் அடக்கியது என்ற சர்வாதிகாரிகளின் கதையை நாமே சொன்னதாகிவிடும்.

எனவே எடிட்டிங் தொடங்குமுன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, தோராயமான நேரம், இடம், எடுத்தவர், எந்தச் சுருள், உரிமை யாரிடம். நிழல் விழும் பக்கம், கடைப் பலகை, வண்டியில் எழுதிய முழக்கம் ஆகியவற்றை வைத்து நேரத்தையும் இடத்தையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முடியாவிட்டால் ‘நாள் தெரியவில்லை’ என்றே திரையில் போடுங்கள். இது வீண் கெடுபிடி அல்ல. ராணுவ வாகனத்தில் இயந்திரத் துப்பாக்கியுடன் இருந்த ஒரு இளைஞரின் புகைப்படத்தைக் காட்டி, அவர் வடகொரியச் சிப்பாய் என்று எழுச்சியை மறுப்பவர்கள் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார்கள். அவர் உயிரோடு இருக்கும் சாதாரணக் குடிமகன் என்று உண்மை அறியும் ஆணையம் உறுதிசெய்தது 2022-ல்தான்.

ஊமைக் காட்சிக்குத் துப்பாக்கிச் சத்தம் சேர்ப்பது அடுத்த தவறு. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்களா என்பது குவாங்ஜுவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த சர்ச்சை. நகர மையத்தில் உள்ள ஜோன்இல் கட்டடத்தின் பத்தாம் மாடியில் குண்டுத் தடங்களைத் தடயவியலாளர்கள் அளந்த பிறகே, 2018-ல் பாதுகாப்பு அமைச்சக விசாரணைக் குழு அதை ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒலி நூலகத்து ஹெலிகாப்டர் இரைச்சலை ஒட்டினால், ஒரு பொய் அகப்பட்டது என்று மீதி உண்மையையும் தள்ளிவிடுவார்கள். சத்தமில்லாத ஷாட்டைச் சத்தமில்லாமலே விடுங்கள். நடித்துக் காட்டும் காட்சி இருந்தால், அது ஓடும் நேரம் முழுக்க ‘நடித்துக் காட்டியது’ என்று திரையில் எழுதியிருக்கட்டும்.

4:3 அகல-உயர விகிதத்தில் எடுத்த பழைய படத்தை அகலத்திரைக்காக 16:9-க்கு வெட்டாதீர்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடும், பதாகையின் எழுத்து போவது அங்கேதான். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

சாட்சிகளிடம் செய்யும் தவறுக்குத்தான் பரிகாரம் இல்லை. மே 18-க்குப் படத்தை வெளியிட வேண்டுமென்று ஏப்ரல், மே மாதங்களில் நேர்காணல் வைக்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்குத் தூக்கமின்மையும் நடுக்கமும் கூடும் மாதம் அதுதான், ‘மே நோய்’ என்றே அங்கே சொல்வார்கள். நேர்காணலை இலையுதிர் காலத்துக்கு நகர்த்துங்கள். முதல் சந்திப்பில் கேமராவே வேண்டாம். ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பக்கத்தில் அவர் நம்பும் ஒருவர் இருக்கட்டும். எடிட்டிங் முடியும்வரை பேட்டியைத் திரும்பப் பெறும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். படைவீரர்களின் பாலியல் வன்முறை பற்றிய சாட்சியமென்றால், வெட்டிய காட்சியைக் காட்டி இரண்டாம் முறை சம்மதம் கேளுங்கள்.

ஒடுக்கிய அரசே இன்னும் ஆட்சியில் இருக்கும் நாடென்றால் இன்னும் கவனம் வேண்டும். 1989-ல் பெய்ஜிங் படுகொலையைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியிடம் பேசிய ஒரு சாமானியரின் காட்சியைச் சீன அரசு செயற்கைக்கோள் வழியில் இடைமறித்து, தன் தொலைக்காட்சியில் போட்டு, ஆளைப் பிடித்துப் பத்தாண்டு சிறையில் தள்ளியது. லேசாக மங்கலாக்கிய முகத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட முடியும், சுருதி மாற்றிய குரலையும் மீட்டுவிட முடியும். முகத்தை முழுக் கறுப்பால் மூடி, குரலை வேறொருவரைப் பேசவையுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், சுவர்க் காலண்டர் இவற்றையும் பாருங்கள். மூலப் பதிவு கடவுச்சொல் பூட்டுள்ள வட்டில் மட்டும் இருக்கட்டும்.

இறந்தோர் எண்ணிக்கையை யார் கணக்கு, எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லாமல் போடக் கூடாது. 1980-ல் ராணுவச் சட்ட நிர்வாகம் பொதுமக்கள் 144 பேர் என்றது. பலியானோர் குடும்பத்தார் 165 என்கிறார்கள், காணாமல் போனவர்கள் தனி.

பல படங்கள் 21-லிருந்து, ராணுவம் திரும்ப நுழைந்து நகரைப் பிடித்த 27 விடியலுக்கு நேரே தாவுகின்றன. நடுவே ராணுவம் இல்லாத ஐந்து நாளில் மக்கள் நகரத்தை நடத்தினார்கள். சந்தைப் பெண்கள் தெருவிலேயே சோறு வடித்து, உப்பிட்டு, கைப்பிடி உருண்டைகளாக்கி ஓடும் லாரிகளில் ஏற்றினார்கள். ரத்தம் கொடுக்க மருத்துவமனைகளில் வரிசை நின்றது. நீரூற்றுச் சதுக்கத்தில் கூட்டம் போட்டு யார் வேண்டுமானாலும் பேசினார்கள். நசுக்கப்பட்டது எது என்பது இங்கேதான் தெரியும். ஒரு மணி நேரப் படத்தில் குறைந்தது பதினைந்து நிமிடமாவது இதற்குக் கொடுங்கள்.

படத்தை 27-ஆம் தேதியோடு முடிப்பதும் சரியல்ல. அன்று ராணுவ ஆட்சியின் தலைமையில் இருந்து, பிறகு அதிபரான சுன் டூ-ஹ்வானுக்கு 1997-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அதே டிசம்பரில் மன்னிப்பில் வெளியே வந்தவர், 2021-ல் சாகும்வரை குவாங்ஜுவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாற்பது மணி நேரப் பேட்டியில் படத்துக்குப் போவது ஒரு மணி நேரம். மீதியை வீட்டு அலமாரியில் ஹார்டு டிஸ்க்கில் விட்டால் சில ஆண்டுகளில் அது திறக்காது. சம்மதப் படிவம் எழுதும்போதே காப்பகத்துக்கும் சேர்த்து அனுமதி வாங்கி, முழுப் பதிவையும் எழுத்துப் படியையும் கும்நம்-ரோவில் உள்ள மே 18 ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் ஒப்படையுங்கள்.