நட்ஸ் என்றால் கச்சானா, கஜுவா? ஊர்ச் சந்தைக்குப் போகுமுன்

யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகள் தடுமாறுவது தமிழ் தெரியாததால் மட்டுமல்ல. மனதில் வருவது ஆங்கிலச் சொல். கைபேசி அதைத் தமிழாக்கித் தருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கில். கடைக்காரருக்குத் தெரிந்ததோ ஊர்ச் சொல். பல தடுமாற்றங்கள் சிரிப்போடு போய்விடும். ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு போகிறவர்களுக்கு அப்படியில்லை, அதனால் அதை முதலில் பார்ப்போம்.

நட்ஸ் என்பதற்கு ஊரில் ஒரே சொல் கிடையாது. பீநட் என்பது கச்சான். கஷூ என்பது கஜு, வயதானவர்கள் மரமுந்திரிகை என்பார்கள். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜுதான். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. ஆகவே "முந்திரி போட்டிருக்கா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலை நம்பிப் பாயாசத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் கஜுவும் பிளம்ஸும் இருக்கும். இந்தப் பிளம்ஸ் ஆங்கிலப் பிளம் அல்ல, உலர்ந்த திராட்சை.

கடலை என்ற சொல்லும் ஏமாற்றும். ஊரில் கடலை என்றால் அவித்துத் தாளிக்கும் கொண்டைக்கடலை. இந்தியப் பொதிகளில் வரும் கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் கச்சானில் செய்தவை. கொழும்புப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல்: சிங்களத்தில் கஜு என்பது கஜு, ரட்டகஜு என்பது கச்சான். எள்ளுக்கு ஒவ்வாமை என்றால் நல்லெண்ணெயைக் கவனியுங்கள். அது முழுக்க எள்ளெண்ணெய். (எண்ணெய் என்ற சொல்லே எள்+நெய்தான், ஆனால் சமையலறையில் அதை யார் நினைக்கிறார்கள்?) ஆகவே பொதுச் சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "பிள்ளைக்குக் கச்சான், கஜு, எள்ளு ஒத்துவராது. இதுக்குள்ள ஏதும் போட்டிருக்கோ? என்ன எண்ணெயில பொரிச்சனீங்கள்?" இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிக்சரில் கச்சான் இருப்பது வழமை, அதைக் கேட்கவே தேவையில்லை.

லைம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு பழமும் ஒரு கனிமமும் இருக்கின்றன. பழம் வேண்டுமென்றால் தேசிக்காய். எலுமிச்சை என்றாலும் விளங்கும், ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ காதில் விழுவது தேசிக்காய்தான். கனிமம் என்றால் சுண்ணாம்பு. சுவருக்கு அடிப்பதும் வெற்றிலையில் தடவுவதும் அதுவே. கைபேசி லைமுக்குச் சுண்ணாம்பு என்று காட்டினால், "குடிக்கிறதுக்குச் சுண்ணாம்புத்தண்ணி" கேட்கிற நிலை வரும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும் காரம், ஆகவே வெற்றிலைத் தட்டத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

தேநீருக்குப் போடும் சுகர் சீனி. சர்க்கரை என்று கேட்டால் பொங்கலுக்குப் போடும் பழுப்புக் கரும்புச் சர்க்கரையைத் தருவார்கள். பனையிலிருந்து வருவது பனங்கட்டி, ஓலைக் குட்டானில் கிடைக்கும். நோயைச் சொல்லும்போதும் சர்க்கரை வேண்டாம், சலரோகம் அல்லது நீரிழிவு என்றால் உடனே விளங்கும்.

பெப்பர் என்றால் கறுப்பாக உருண்டையாக இருப்பது மிளகு, காய்ந்த சிவப்பு மிளகாய் செத்தல் மிளகாய், உறைப்புக் குறைந்த பெரிய காய் கறிமிளகாய். கியூமின் என்பது நற்சீரகம் அல்லது சின்னச்சீரகம், ஃபெனல் என்பது பெருஞ்சீரகம். வெறுமனே சீரகம் என்று கேட்டால் "எது?" என்பார்கள். சினமன் கறுவா, கிளோவ் கராம்பு. சிவப்பு லென்டில் மைசூர்ப்பருப்பு. பம்ப்கின் பூசணிக்காய், சாம்பல் பூத்ததுபோல் இருப்பது நீற்றுப்பூசணி. வெண்டிக்காய், பாவற்காய் என்பவை கைபேசியில் வெண்டைக்காய், பாகற்காய் என்று வரும், அதில் பிழையொன்றும் நடக்காது.

பாசையூர் போன்ற மீன்சந்தைகளில் கிங்ஃபிஷ் தேடுகிறவர்கள் அறக்குளா என்று கேளுங்கள், வஞ்சிரம் தமிழ்நாட்டுப் பெயர். ஸ்ப்ராட்ஸ் நெத்தலி, பாரகூடா சீலா, ட்ரெவலி பாரை. ஸ்குவிட், கட்டில்ஃபிஷ் இரண்டையும் கணவாய் என்றே விற்பார்கள். முதுகுக்குள் தடித்த வெள்ளை ஓடு இருந்தால் அது கட்டில்ஃபிஷ், வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் அந்த ஓட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடலட்டை என்பது ஸீ குகும்பர், வெள்ளரிக்காயோடு சம்பந்தமில்லை.

பூச்சிகளில் மொஸ்கிட்டோ என்பது நுளம்பு. டெங்குவைப் பரப்புவதும் நுளம்புதான், கடையில் நுளம்புத்திரி என்று கேளுங்கள். இலையான் என்பது வீட்டு ஈ. அட்டை என்பது லீச்சும் ஆகும், அடையாள அட்டையும் ஆகும், இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளவேண்டியதுதான். ரசல்ஸ் வைப்பரைப் புடையன் என்பார்கள், கடுமையான விஷம். பாம்பு கடித்தால் அதன் பெயரைக் கண்டுபிடிக்கவோ அதை அடிக்கவோ நிற்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ்.

வீட்டுச் சாமான்களில் அதிகம் இடறுவது திறப்பு. அது ஓப்பனிங் அல்ல, சாவி. துவாய் டவல், கதிரை நாற்காலி, பாண் பிரெட், இவை மூன்றும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. டின் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிக்கவேண்டும்: உணவு அடைத்து வருவது பேணி, கூரைக்குப் போடுவது தகரம், உலோகம் வெள்ளீயம். பென்சிலுக்குள் இருப்பதை ஆங்கிலத்தில் லெட் என்றாலும் அதில் ஈயம் இல்லை, அது காரீயம், அதாவது கிராஃபைட். கனடாப் பிள்ளைகள் கார் ஓடும்போது காஸ் அடிக்கவேண்டும் என்பார்கள். ஊரில் காஸ் என்றால் அடுப்புச் சிலிண்டர். வாகனத்துக்குப் பெற்றோலா டீசலா என்று சொல்லியே கேளுங்கள்.

திரும்பி வரும்போது சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும், ஊர்ச் சொல்லுக்கு ஆங்கிலம் வேண்டும். புழுக்கொடியலைச் சுங்கப் படிவத்தில் ரூட் என்று மட்டும் எழுதினால் பச்சைக்கிழங்கு என்று நினைக்கலாம். பனை முளையை அவித்து உலர்த்தியது என்பதை முழுதாக எழுதுங்கள். ஒடியல் அவிக்காமல் உலர்த்தியது, இரண்டையும் வேறுவேறு பையில் கட்டுங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இரண்டையும் கட்டாயம் அறிவிக்கவேண்டும்.

கசகசாவில் மிகுந்த கவனம் தேவை. இலங்கையில் பலூடாவுக்கு ஊறவைக்கும் கறுத்த கசகசா துளசி இனத்து விதை. தமிழ்நாட்டில் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா பொப்பி விதை, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்டது. டுபாய் வழியாகப் பறப்பவர்கள் பெயர் எழுதாத பொலித்தீன் பையில் கட்டித் தரும் கசகசாவை வாங்காதீர்கள். பேசில் ஸீட்ஸ் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த, உடைக்காத பொதியாகப் பார்த்து வாங்குங்கள்.