வள்ளத்து எஞ்சினின் தண்ணீர் பம்ப்: நாமே பிரித்து மாட்டும்போது நடக்கும் தவறுகள்

வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பக் கடலிலேயே துப்பிவிடும். அதற்கென்று கியர் பெட்டிக்கு மேலே, டிரைவ் ஷாஃப்டில் மாட்டியிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு இம்பெல்லர், அதாவது இறக்கை வைத்த ரப்பர் சக்கரம். அது போனால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நடுக்கடலில் என்றால் இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுக்கும். நம் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில், மணல் திட்டின் மேல் அலை எழும்பி உடைகிற இடத்தில் நின்றுபோனால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. அங்கே படகு கவிழ்ந்து உயிர் போன கதை நம் கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இம்பெல்லர் மாற்றுவது பெரிய வேலை இல்லை, வீட்டு முற்றத்திலேயே முடியும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். புது ரப்பர் போட்டும் இரண்டு மாதத்தில் மறுபடி சூடாகிறது என்றால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ரப்பர் சுற்றுகிற உலோகக் கப்பைப் பாருங்கள். அதைத் தின்றது மணலாகத்தான் இருக்கும்.

மற்ற ஊர் மணலைப் போல நம் மணலை நினைப்பது முதல் தவறு. முட்டம் தொடங்கி மணவாளக்குறிச்சி, குளச்சல் வரை கரையில் கருப்பும் சிவப்புமாகக் கோடு போட்டுக் கிடப்பது இல்மனைட், கார்னெட் என்கிற கனிம மணல். கூடவே சிர்கான், மோனசைட். இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நமக்கு இங்கே முக்கியம் கார்னெட். உப்புத்தாளில் ஒட்டுவதும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பை வெட்டும் எந்திரத்தில் கலப்பதும் இதைத்தான். பம்பில் இருக்கிற எவர்சில்வர் கப்பை அது கீறாமல் விடுமா? எடையிலும் இது சாதாரண மணல் இல்லை. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, கார்னெட் 4ஐ ஒட்டி, இல்மனைட்டும் சிர்கானும் 4.5க்கு மேல். எஞ்சின் நின்றதும் பம்பின் அடியிலும் தண்ணீர்ப் பாதையின் வளைவுகளிலும் படிந்துவிடும். அடுத்த நாள் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சுற்றிலேயே அரைக்கும்.

ஆகவே கப்பைத் துடைத்துவிட்டு உள்சுவரில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சரி. எங்காவது தடுக்கினால், கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்தாலும், கப்பை மாற்ற வேண்டும். அடியில் இருக்கும் தகட்டுக்கும் இதே சோதனைதான். இம்பெல்லரின் கீழ்விளிம்பு சுற்றிச் சுற்றி அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பின்னோக்கிக் கசியும், பம்ப் சுற்றும், தண்ணீர் ஏறாது. இம்பெல்லர், கப், தகடு, கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தாள்), ஷாஃப்டில் உட்காரும் சின்னக் கீ எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குவதுதான் நம் கரைக்குச் சரிப்படும். வாங்கும்போது பழைய இம்பெல்லரைக் கையில் கொண்டுபோய் உயரம், இறக்கையின் எண்ணிக்கை, நடுத்துளை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் தகட்டில் இருக்கிற மாடல் எண்ணைச் சொல்லாமல் 'பத்து ஹெச்பிக்கு ஒன்று கொடுங்க' என்று கேட்டால் சரியானது கிடைப்பது அதிர்ஷ்டம்.

மணல் ஏன் இவ்வளவு உள்ளே போகிறது? அலையில் வள்ளத்தைத் தள்ளி இறக்கும்போது இடுப்பளவு ஆழம் வருவதற்குள்ளேயே எஞ்சினை இறக்கிவிடுகிறோம். உறிஞ்சும் துவாரம் அப்போது மணல் கலங்கிய தண்ணீருக்குள் இருக்கும். இன்னும் நாலு துடுப்பு போட்டுவிட்டு இறக்கினால் பம்பின் ஆயுள் கூடும். அவசரம் புரிகிறது, அலை காத்திருக்காதுதான். ஆனால் கரையேறும்போதாவது மணல் கலங்குகிற ஆழத்துக்கு வருமுன்பே எஞ்சினைத் தூக்கிவிடலாம்.

இதைவிட மோசமான பழக்கம், 'ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்ப்போம்' என்று வள்ளம் கரையில் கிடக்கும்போதே கயிற்றை இழுப்பது. ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அது இல்லாமல் சில நொடி சுற்றினாலே இறக்கையின் நுனி கருகும். ஆனி, ஆடியில் கடல் கெட்டுக் கிடக்கும்போது இந்தத் தவறு அதிகம் நடக்கும். வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் இம்பெல்லரும் ஒரே நிலையில் வளைந்தபடி கிடந்து அப்படியே விறைத்துப்போகும். பிரித்துப் பார்க்கச் சரியான காலமும் அதுவே.

பிரித்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு எங்கும் போய்விடவில்லை, மேலே ஏறும் குழாயிலோ சிலிண்டர் பாதையிலோ சிக்கிக் கிடக்கிறது. அதை எடுக்காமல் புதுசைப் போட்டால் பயனே இல்லை. குழாயில் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் நல்ல தண்ணீர் பாய்ச்சித் துண்டு வெளியே விழும்வரை விடக்கூடாது.

எஞ்சினில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் துப்புகிற தண்ணீரை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் தவறு. தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் அந்தத் துளையில் ஒரு தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) துண்டை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்பு கட்டியிருக்கலாம், சும்மா கிடந்த எஞ்சின் என்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். இதற்காகப் பம்பையே கழற்றியவர்கள் உண்டு. மறுபக்கம், தண்ணீர் வருகிறது என்பதால் எல்லாம் சரி என்றும் இல்லை. அந்தத் துளைக்கு வருவது ஒரு சின்னக் கிளைதான். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சுட்டாலோ ஆவி பறந்தாலோ நிறுத்திவிடுங்கள். துறைமுகத்துக்குள் என்றால் பிளாஸ்டிக் பையோ வலைத் துண்டோ உறிஞ்சும் துவாரத்தை மூடியிருக்கும். சின்னமுட்டமானாலும் குளச்சலானாலும் தண்ணீரில் அதற்குக் குறைவில்லை.

சூடாகிறது என்றதும், எஞ்சினின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிற வைத்தியமும் நடக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாவதற்குச் சூடு வேண்டும். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகப் பிடிக்கும், புகை தள்ளும், செலவும் ஏறும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் மாற்றுங்கள்.

கழற்றும்போது: பிளக் வயரைப் பிடுங்காமல் புரொப்பெல்லரையோ ஷாஃப்டையோ கையால் சுற்றாதீர்கள். இதில் சமரசம் வேண்டாம். கியர் பெட்டி போல்ட்கள் எவர்சில்வர், அவை முறுக்கியிருப்பது அலுமினியத்தில். உப்புத் தண்ணீர் பட்டு இரண்டும் ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்பேனரில் பைப்பை மாட்டி அழுத்தினால் தலை அறுந்து கையோடு வரும், பிறகு லேத் பட்டறைதான். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ் தடவினால் அடுத்த ஆண்டு இந்தப் பாடு இருக்காது. தொலைந்த போல்டுக்குப் பதில் சாதா இரும்பு போல்ட் போடுவது வேண்டாம்.

மாட்டும்போது இம்பெல்லரைக் கப்புக்குள் திணிக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இறக்கினால் இறக்கைகள் தானாக ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சில எஞ்சினில் திசை மாறும், பழையது எப்படி வளைந்திருந்தது என்று பிரிக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடின இம்பெல்லரைத் திருப்பிப் போட்டால் வளைந்த ரப்பர் எதிர்ப்பக்கம் மடங்கி வெடிக்கும். கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிகானை அப்பினால் பிதுங்கி உள்ளே போன துணுக்கு காய்ந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கும். ஷாஃப்டின் பல்லில் கிரீஸ் தடவலாம், உச்சியில் கூடாது. அங்கே கிரீஸ் தங்கினால் ஷாஃப்ட் முழுதாக ஏறாது.

கியர் பெட்டியை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பரில் உட்கார்ந்ததா, கியர் கம்பி சேர்ந்ததா என்று இரண்டையும் பாருங்கள். கடைசி அரை அங்குலம் மூடாமல் நின்றால் போல்டை முறுக்கி இழுக்க வேண்டாம். புரொப்பெல்லரை லேசாகச் சுற்றினால் பல்லோடு பல் சேர்ந்து தானே ஏறும்.

அப்புறம் டிரம் சோதனை. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு மூழ்கும்வரை தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுங்கள். உப்புக்கரிக்கும் கிணற்று நீர் என்றால் சோதனைக்கு ஆகும், எஞ்சினுக்குள் தங்கிய உப்பை அலசுவதற்கு ஆகாது. தண்ணீர் துப்ப ஆரம்பிக்கவில்லை என்றால் உடனே நிறுத்தி மறுபடி கழற்றுங்கள், பெரும்பாலும் குழாய் ரப்பரில் உட்கார்ந்திருக்காது.