தீவுக்கு ஒரு நாள் பயணம்: திட்டத்தை மாலையிலிருந்து போடுங்கள்

தீவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் என்ன கேட்போம்? காலையில் படகு எத்தனை மணிக்கு, அதைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழ வேண்டும், பிள்ளைகள் எழுந்துவிடுவார்களா. திரும்பி வருவதைப் பற்றி யாராவது கேட்டால், "சாயங்காலம் ஏதாவது படகு இருக்கும்" என்று முடித்துவிடுவோம். வேறு பயணம் என்றால் பரவாயில்லை, கடைசிப் பேருந்தை விட்டாலும் வாடகை வண்டி கிடைக்கும். தீவில் கடைசிப் படகை விட்டால் எதிரில் இருப்பது கடல்.

அதனால்தான் காலையிலிருந்து திட்டம் போடுவதை முதல் தவறு என்கிறேன். மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படகு காலை 9 மணிக்கு, பயணம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்குக் கரை சேர்ந்தாலும், வரிசையில் இறங்கி, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வெளியே வர 10.30 ஆகிவிடும். கடைசிப் படகு 4.30க்கு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அதற்கு முந்தைய படகுதான் உங்கள் படகு. காலையில் நான்கைந்து படகுகளில் பிரிந்து வந்த கூட்டம் முழுக்கக் கடைசிப் படகுக்குத்தான் வந்து நிற்கும். இடம் நிரம்பிவிட்டால் ஏற்ற மாட்டார்கள். முந்தைய படகு 3 மணிக்கு என்றால் 2.15க்கே துறைக்கு வந்துவிட வேண்டும். ஆக, கையில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக மீதி இரண்டே முக்கால். கலங்கரை விளக்கம், கோட்டை, கடற்குளியல், மிதிவண்டிச் சுற்று என்று பட்டியல் எழுதியிருந்தால், பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

நேர அட்டவணையிலும் கவனம் வேண்டும். யாரோ எப்போதோ எடுத்த படத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. வார நாளுக்கு ஒரு நேரம், விடுமுறைக்கு ஒரு நேரம், பருவம் மாறினால் வேறு நேரம் என்று இருக்கும். அட்டவணையில் இருப்பது படகு புறப்படும் நேரம். ஏறும் வாசலை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். சில தீவுகளில் இறங்குதுறை இரண்டு. ஒருமுறை நாங்கள் காலையில் இறங்கிய துறையிலேயே மாலையில் காத்திருந்தோம். எங்கள் படகு மறு துறையிலிருந்து கிளம்பிப் போவதை நின்று பார்த்தோம். அன்றிலிருந்து இறங்கியதும் முதல் வேலை, "திரும்பும் படகு எங்கிருந்து, எத்தனை மணிக்கு, இந்த டிக்கெட் அதற்குச் செல்லுமா?" என்று துறையில் கேட்பது. ஒரே வழித்தடத்தில் இரண்டு நிறுவனங்கள் படகு விட்டால், ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாமல் போகலாம்.

மழை வருமா என்று மட்டும் வானிலையைப் பார்ப்பது இன்னொரு தவறு. மழையில் நனைந்துகொண்டே படகு போகும். அதை நிறுத்துவது பெரும்பாலும் காற்றும் அலையும்தான். காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் பாருங்கள். கரையில் நின்றே ஓரளவு மதிப்பிடலாம்: கடலில் பரவலாக வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறது என்று பொருள். வெயில் நாளில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரைக்குள் நுழையும். அதனால் பல கடற்கரைகளில் பிற்பகலில்தான் காற்று வலுக்கிறது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கடல், பிள்ளைகள் களைத்துப்போய்த் திரும்பும் நேரத்தில் தூக்கிப் போடும். காற்றே இல்லாத நாளிலும், தொலைவில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து சேரலாம்.

கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு. வயதானவர்களை அழைத்துப்போனால் இது முக்கியம். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். காலையில் சமமாக இருந்த ஏறுபலகை மாலையில் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். தண்ணீருக்குள் இருந்த பாசிப் படிகள் வெளியே வந்திருக்கும். பாட்டி இறங்கிவிட்டார், அதனால் ஏறியும்விடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நேரங்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போய்வந்தவர் சொல்லும் நேரம் உங்களுக்கு உதவாது. மணல் திட்டு வழியாகப் பக்கத்துத் திட்டுக்கு நடந்து போகும் எண்ணம் இருந்தால் அன்றைய நேரத்தைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம்.

அப்புறம், வாந்தி. பிள்ளை அடம் பிடிக்காமல் இருக்கட்டும் என்று போனைக் கையில் கொடுக்கிறோமே, குமட்டலை வரவழைக்க அதைவிட நல்ல வழி இல்லை. உடல் ஆடுகிறது என்று உட்காது சொல்கிறது. திரையைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைப் புரட்டுகிறது. தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. பிள்ளைகள் ஓடிப்போய் உட்காரும் முன்பக்கத்தில்தான் அதிகம். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இது அரிதாகவே வரும். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள்தான் அதிகம் படுகிறார்கள். மாத்திரையைப் பொதுவாகப் புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் தவறு, வெறும் வயிறும் தவறு.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மேல்தளத்தில் காற்று வீசுவதால் சுடுவது தெரியாது. இரவில்தான் தோள் எரியும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும், தொப்பிக்குக் கழுத்துக்கயிறு இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில், அது இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். பிள்ளையின் எடைக்கு ஏற்றதா என்பதுதான் கேள்வி. பெரியவர் ஜாக்கெட்டைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே எழும்பும், பிள்ளை அதிலிருந்து கீழே நழுவிவிடும். மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு சரியில்லை. ஊதிக் கட்டும் கைவளையம் நீச்சல்குளத்து விளையாட்டுப் பொருள், கடலுக்கு ஆகாது. படகு நிரம்பி வழிந்தால் ஏறாமல் நின்றுவிடுங்கள், டிக்கெட் காசு போனாலும் சரி.

பையில் என்ன வைப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ரொக்கம். சிறு தீவில் ஏடிஎம் இருக்காது, இருந்தாலும் அதில் பணம் இருக்காது, சிக்னல் இல்லாவிட்டால் போனில் செலுத்தவும் முடியாது. இன்னொன்று, அன்றாடம் சாப்பிடும் மருந்துகள். பகல் வேளைக்கு மட்டும் எடுத்துப் போகிறோம். அன்று மாலை படகு ஓடாது என்று அறிவித்துவிட்டால் தாத்தாவின் இரவு மாத்திரையும், மறுநாள் காலை மாத்திரையும் அக்கரையில் வீட்டு அலமாரியில் இருக்கும்.